முத்திரை போட்ட சாமி

"இந்தக் கட்டத்துல என்ன போடட்டும் சார்?" என்று தட்டச்சர் அம்மா மறுபடியும் கேட்டார்.

கண்காணிப்பாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் தெரியாதபோதெல்லாம் அவர் செய்கிற காரியம் அது. அன்று காலையிலிருந்து கண்ணாடி பளபளவென்று இருந்தது.

மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்திருந்தது. அரசாங்கத்துக்கு மதம் கிடையாது. ஆகவே அரசு அலுவலக வளாகங்களில் எந்த மதத்தின் சின்னமும் இருக்கக் கூடாது. இருந்தால் விவரம் எழுதி அனுப்பிவிட்டு அகற்ற வேண்டும். அகற்றத் தவறும் அலுவலர், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிடங்குக்கு மாற்றப்படுவார். வளாகத்தில் கடைக்காரர்கள் கும்பிடுகிற ஒரு கல்லின் உயரம், அகலம், இருக்கும் இடம் எல்லாவற்றையும் எழுதியாகிவிட்டது. கடைசிக் கட்டத்தில்தான் வண்டி நின்றுவிட்டது. 'சின்னம் எந்த மதத்தைச் சேர்ந்தது?'

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று அவர் தட்டச்சர் அம்மாவையே கேட்டார்.

"நான் காலையில அங்க ஒரு நிமிஷம் நின்னுட்டுத்தான் சார் வருவேன். என் பொண்ணுக்கு வேலை கிடைச்சதே அதாலதான். ஆனா எந்த மதம்னு யோசிச்சதில்ல."

"யோசிக்காம எப்படிக் கும்பிடுறீங்க?"

"யோசிச்சா எப்படி சார் கும்பிடுறது?"

கண்காணிப்பாளர் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார்.

அது எடையளவு முத்திரை அலுவலகம். ஊரிலுள்ள கடைக்காரர்கள் எல்லோரும் தங்கள் தராசையும் எடைக்கல்லையும் வருடத்துக்கு ஒரு முறை அங்கே கொண்டுவர வேண்டும். சோதித்துப் பார்த்து, சரியாக இருந்தால் அரசு முத்திரை குத்தித் தருவார்கள். இல்லையென்றால் கடைக்காரர் முகம் தொங்கத் திரும்பிப் போவார். இந்தச் சோதனையில் கண்காணிப்பாளர் ஈவிரக்கம் இல்லாதவர். ஒரு கிராம் குறைந்தாலும் விடமாட்டார். அதனால் முகத்துக்கு நேரே 'சார்' என்றும், முதுகுக்குப் பின்னால் 'கிராம்' என்றும் ஊர் அவரை அழைத்தது. கிராமுக்கு இது தெரியும். மனைவியே சில சமயம் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறாள், அதுவும் முகத்துக்கு நேராகவே.

அந்தக் கல் இருந்தது வளாகத்துக்குள், அலுவலகத்துக்கும் அவருடைய அரசுக் குடியிருப்புக்கும் நடுவே, ஒரு பெரிய மரத்தடியில். எப்போது சாமியானது என்று அவருக்குத் தெரியாது. மனைவி படுத்த படுக்கையானபோது அவர் நீண்ட விடுப்பில் போனார். ஆஸ்பத்திரியே வீடாகிப் போன காலம் அது. எல்லாம் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பியபோது, மரத்தடியில் செங்கல் மேடை கட்டி, வெள்ளைச் சாயம் பூசி, மாலைகளுக்குள் கழுத்துவரை புதைந்து ஒரு கல் உட்கார்ந்திருந்தது. அப்போது அவர் எதையும் நிமிர்ந்து பார்க்கிற நிலையில் இல்லை. வீட்டிலிருந்து முன்வாசல் வழியாக மரத்தடியைக் கடந்து போவதையும் விட்டுவிட்டார். பின்பக்கமாகச் சுற்றி, குப்பைத் தொட்டியைத் தாண்டி, ரப்பர் செருப்பு சரசரக்க அலுவலகத்துக்குள் நுழைவார்.

இப்போது பார்த்துத்தான் ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது. படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார்.

பழக்கடைக்காரர் ஒருவர் தராசைக் கீழே வைத்துவிட்டு வழிபட்டுக்கொண்டிருந்தார். அந்த வழிபாடே விசித்திரமாக இருந்தது. முதலில் வலது காலை முன்னால் வைத்துக் குனிந்து, கல்லருகே விரல்களால் என்னவோ செய்தார். பிறகு இடது காலை முன்னால் வைத்து மறுபடியும் அதே மாதிரி. பிறகு கல்லுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தினார்.

"இது எந்த சாமி?" என்று கேட்டார் கிராம்.

"நல்ல சாமி ஐயா."

"எந்த மதம்னு கேக்கறேன்."

"நாங்க கேட்டதில்லைங்க. கேட்டா கோவிச்சுக்குமோ என்னவோ."

"அது என்ன, ரெண்டு தரம் குனியறீங்க?"

"தராசுக்கு ரெண்டு தட்டு இருக்குல்ல ஐயா. வலது தட்டுக்கு ஒண்ணு, இடது தட்டுக்கு ஒண்ணு. அப்புறம் கையைத் தூக்குறது, ரெண்டு தட்டும் சமமா நிக்கணும்னு."

கிராமால் குறை சொல்ல முடியவில்லை. மதமோ இல்லையோ, தொழில்நுட்ப ரீதியாகச் சரியாக இருந்தது.

"அதை ஏன் என் வீட்டுச் சமையலறையைப் பார்த்துச் செய்யறீங்க?"

"சாமியோட முகம் அந்தப் பக்கம்தாங்க. இதுக்கு மழை பெய்ஞ்சா உடம்பெல்லாம் நுரை கட்டும் ஐயா. நான் கண்ணால பார்த்திருக்கேன். சும்மா கல்லுக்கு நுரை கட்டுமா?"

கிராம் மற்றவர்களையும் விசாரித்தார். ரொட்டிக்கடை அம்மா, அது தங்கள் மதத்துச் சாமிதான் என்றார். துணிக்கடைக்காரர், அது தங்கள் மதத்துடையதுதான், மற்றவர்களும் வந்து போவதில் ஆட்சேபம் இல்லை என்றார். எந்த மதத்திலும் நம்பிக்கை இல்லாத மருந்துக்கடைக்காரர், இது மதம் இல்லாத சாமி என்பதால்தான் வருகிறேன் என்றார்.

திரும்பி வந்து தட்டச்சர் அம்மாவிடம் சொன்னார்: "'பொது'ன்னு போட்டுடுங்க."

அதுதான் முதல் தவறு.

பதில் வந்தது. 'பொது என்னும் மதம் எமது பட்டியலில் இல்லை. புதிய மதமாயின், தோற்றுவித்தவர் பெயரையும் கொள்கை விளக்கத்தையும் இணைத்து அனுப்பவும்.'

அன்று மாலை மகள் தொலைபேசியில் அழைத்தாள். வேறு ஊரில் வேலை. தினமும் கூப்பிட்டு ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்பாள்.

"சாப்டீங்களாப்பா?"

"ஆச்சு."

"மாத்திரை?"

"ஆச்சு."

"நான் வாங்கிக் குடுத்த வாஷிங் மெஷின் ஓடுதா, இல்ல துணியெல்லாம் மலையா கெடக்கா?"

"ஓடுது."

"ஷூ போட்டுட்டுப் போறீங்களா, இன்னும் அந்த ரப்பர் செருப்புதானா?"

"செருப்பு வசதியா இருக்குது."

"ஆபீஸருக்கு அழகா அது? அம்மா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். "குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒரு மதத்தைத் தோற்றுவிச்சவர் பேரைக் கேக்கறாங்க."

"வெயில்ல அலையாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கிராம் சமையலறைக்குப் போய்த் தேநீர் போட்டார். மனைவியின் ஒழுங்குமுறை அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. 'உப்பு' என்று எழுதிய டப்பாவில் சர்க்கரை இருக்கும். 'சர்க்கரை' என்று எழுதியதில் ஊசி, நூல், பொத்தான்கள் இருக்கும். உப்பு எங்கே இருக்கும் என்பது அவளுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். ஊரிலுள்ள பொட்டலங்களில் விவரச் சீட்டு தப்பாக இருந்தால் கடையைச் சாத்த வைக்கிறவர், வீட்டில் ஒரு சீட்டைக்கூட மாற்றி ஒட்டவில்லை. அவள் கையெழுத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. இந்த வீட்டை விட்டுப் போவது என்றால் இந்த டப்பாக்களைத் துணியில் சுற்றி லாரியில் ஏற்ற வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம் குடியிருப்பு கிடையாது, கிடங்கின் மாடியில் ஒற்றை அறைதான் என்று விசாரித்து வைத்திருந்தார்.

திரைச்சீலையின் இடுக்கில், சன்னலுக்கு வெளியே யாரோ இரண்டு கைகளையும் உயர்த்தி நிற்பது தெரிந்தது. அது அவள் நிற்கிற சன்னல். அதன் எதிரே ஊரே வந்து கையைத் தூக்கிக்கொண்டு நின்றால் ஒரு மனிதன் எப்படி நிம்மதியாகத் தேநீர் குடிப்பது? அவர் திரைச்சீலையை இடுக்கில்லாமல் இழுத்துவிட்டுக்கொண்டார். அது பல மாதங்களாக அப்படித்தான் மூடிக் கிடந்தது.

மறுநாள் ஒரு யோசனை உதித்தது. மதமே இல்லை என்று அறிவித்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. பலகை எழுதுகிறவரை வரவழைத்து, கல்லுக்குப் பக்கத்தில் ஒரு அறிவிப்பு நட்டார். 'இது கடவுள் அல்ல. மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். இப்படிக்கு, கண்காணிப்பாளர்.'

மறுநாளே கூட்டம் இரட்டிப்பானது. சாலையில் போகிறவர்களுக்கு உள்ளே ஒரு கல் இருப்பதே அதுவரை தெரியாது. பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். "கடவுள் இல்லன்னு சர்க்காரே பலகை வைக்குதுன்னா, உள்ள என்னவோ இருக்குது" என்று ஒருவர் சொல்ல, கேட்டவர்கள் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் பலகைக்கும் ஒரு மாலை விழுந்தது.

வாசலில் இருந்த காவலாளியைக் கூப்பிட்டார் கிராம். காவலாளிக்கு அவரைவிட வயது அதிகம். இந்த வளாகத்தில் அவருக்குத் தெரியாத எறும்பு கிடையாது.

"ஆளுங்களை வச்சுக் கல்லைத் தூக்கிடுங்க."

"எங்க சார் வைக்கிறது?"

"எங்கயாவது. வெளிய."

"வெளியவும் சர்க்கார் ரோடுதான் சார்."

கிராம் யோசித்தார். உண்மைதான். சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. அதற்கப்பால் வாய்க்கால், அது நீர்வளத் துறையுடையது. அவர் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மதமற்ற நிலமாகவே இருந்தது. கடைசியில் மதமுள்ள இடம் ஒன்றைக் கண்டுபிடித்து, அங்கே கொண்டுபோய் வைக்கக் கேட்டார். "எங்க சாமிதான்னு சான்றிதழ் இருக்குதா?" என்று அவர்கள் கேட்டுவிட்டார்கள். அடுத்த தெருவில் இருந்த வேறொரு மதத்தாரும் அதையே கேட்டார்கள். எல்லோருடையதுமான சாமியை வைத்துக்கொள்ள யாரிடமும் இடம் இல்லை.

அப்போதுதான் கிராமுக்குத் தம் வாழ்நாளிலேயே சிறந்த யோசனை தோன்றியது. பிற்காலத்தில் அதை நினைக்கும்போதெல்லாம், சிறந்த யோசனைகள் தமக்குத் தோன்றாமல் இருப்பதே நாட்டுக்கு நல்லது என்று முடிவுக்கு வந்தார்.

"இது எடை ஆபீஸ்" என்றார் தட்டச்சர் அம்மாவிடம். "இங்க ஒரு கல் இருந்தா அது என்ன கல்?"

"சாமிக் கல்."

"இல்லம்மா. எடைக்கல். பழைய காலத்து எடைக்கல். ஆபீஸ் பொருள். நாம எடை போட்டு, முத்திரை குத்தி, எடைக்கல்னு எழுதிட்டா, மதத்துக்கு இங்க என்ன வேலை?"

"முத்திரை குத்துறதா சார்? அது மேலயா?" தட்டச்சர் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

மாலைகளை எடுத்து, மேடையை இடித்து, நாலு பேர் சேர்ந்து கல்லைத் தூக்கிப் பெரிய தராசில் வைத்தார்கள். கடைக்காரர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். சாயத்தைச் சுரண்டியபோது கல்லின் ஒரு பக்கம் மட்டும் சரிந்து, தேய்ந்து, வழவழவென்று இருப்பதைக் கிராம் கவனித்தார். கையால் தடவிப் பார்த்தார். 'பல்லாண்டுகளாகப் பக்தர்களின் கை பட்டுத் தேய்ந்துள்ளது' என்று குறித்துக்கொண்டார். இந்த நுட்பமான அவதானிப்புக்காகத் தம்மையே மெச்சிக்கொண்டார்.

எடை எந்த வாய்பாட்டுக்கும் பொருந்தவில்லை. பரவாயில்லை என்று சுத்தியலால் முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

கூட்டம் ஒரு பெருமூச்சு விட்டது. பழக்கடைக்காரர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"இத்தனை நாளா எங்களுக்குத்தாங்க இது சாமி" என்றார் தழுதழுத்து. "இன்னைக்குத்தான் சர்க்கார் ஒத்துக்கிச்சு."

கல்லை அவர்களே தூக்கிப்போய் மறுபடியும் மரத்தடியில் வைத்தார்கள். அந்த வாரத்தில் பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எத்தனையோ சாமிகள் இருக்கலாம், ஆனால் சோதித்து, சரி பார்த்து, அரசு முத்திரையோடு இருக்கிற சாமி இது ஒன்றுதானே. ரொட்டிக்கடை அம்மா, "கலப்படம் இல்லாத சாமி" என்று சொல்லிச் சொல்லி ஆள் சேர்த்தார். முத்திரை விழுந்த இடத்தை மட்டும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தனி வரிசை உருவானது. வரிசையை ஒழுங்குபடுத்தக் கிராம் ஒரு கயிறு கட்டினார். கயிறு கட்டிய பிறகு அது உண்மையிலேயே வழிபாட்டுத் தலம்போல ஆகிவிட்டது.

மேலிடத்துக்குப் புகார் பறந்தது: 'அரசு ஒரு மதத்துக்கு முத்திரை குத்தியுள்ளது.'

துணை இயக்குநர் நேரில் வந்தார். மெலிந்த உடம்பு, குறைந்த பேச்சு, காரிலிருந்து இறங்கும்போதே எதையோ கண்டுபிடித்துவிட்ட முகம். மரத்தடியில் நின்று கல்லைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார், அதன் மாலையைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். கடைசியாகக் கிராமின் ரப்பர் செருப்பைப் பார்த்தார்.

"அகற்றுங்கன்னு சொன்னா, முத்திரை குத்தி வச்சிருக்கீங்க."

"அது எடைக்கல் மேடம்."

"எவ்வளவு எடை?"

கிராம் சொன்னார்.

"அப்படி ஒரு எடைக்கல் உலகத்துலயே கிடையாது. அப்போ தப்பான எடைக்கல்லுக்கு முத்திரை குத்தியிருக்கீங்க. நான் எந்தக் குற்றத்தை முதல்ல எழுதட்டும்?"

தம் பணிக்காலத்தில் ஒரு தப்பான எடைக்குக்கூட முத்திரை குத்தாதவர் கிராம். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க ஒன்றும் மிச்சமில்லை.

"இதை ஆரம்பிச்சு வச்சது யாரு?" என்று துணை இயக்குநர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

பழக்கடைக்காரர் பணிவாக முன்னால் வந்தார். "இந்த ஆபீஸ்ல இருந்த ஒரு பெரிய அதிகாரிங்க, அம்மா. தினமும் காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி இங்க நிப்பாராம். ரெண்டு தரம் குனிவாராம், கையைத் தூக்குவாராம், அப்புறம்தான் உள்ள போவாராம். மழையானாலும் சரி, வெயிலானாலும் சரி. அவர் கையில எடை ஒரு நாளும் தப்பினதில்லையாம். அதைப் பார்த்துத்தான் ஒருத்தர் செஞ்சார். அவர் தராசு தேறிடுச்சு. அப்புறம் எல்லாரும் செஞ்சோம்."

"ஆள் எப்படி இருப்பார்?"

"நல்ல உயரம்னு சொல்றாங்க. முகத்துல ஒரு ஒளி இருக்குமாம்."

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

"எனக்கு அந்தப் பாக்கியம் இல்லைங்க. ஒரு நாள் அவர் வரலியாம். அதோட சரி. சாமியோடவே கலந்துட்டார்னு சொல்றாங்க."

துணை இயக்குநர் கிராமின் பக்கம் திரும்பினார். "அரசு ஊழியர், அரசு இடத்துல, ஒரு மதத்தையே ஆரம்பிச்சிருக்கார். எனக்கு அவர் பேர் வேணும். வெள்ளிக்கிழமை உங்க அறிக்கை என் மேசையில இருக்கணும். இல்லன்னா அந்த இடத்துல உங்க பேரை எழுத வேண்டியிருக்கும். கிடங்குல ஆள் இல்லாம ரொம்ப நாளா கஷ்டப்படுறாங்க."

கார் போனதும் கிராமுக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனைக்கும் காரணம் எவனோ ஒரு மடையன். படித்துப் பட்டம் வாங்கி, அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, காலங்காத்தாலே ஒரு கல்லுக்கு முன்னால் குனிந்து எழுந்திருக்கிறான். அந்த ஆளைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று கிளம்பினார்.

முதலில் தமக்கு முன்பிருந்த கண்காணிப்பாளருக்குப் போன் போட்டார். அவர் ஓய்வுபெற்று மகன் வீட்டில் இருந்தார், காது கொஞ்சம் மந்தம்.

"மரத்தடியில கல்லா?" என்று அவர் கத்தினார். "நான் இருந்த வரைக்கும் அங்க ஒரு மண்ணும் கிடையாது. நீ வந்து என்னய்யா பண்ணி வச்சே?"

ஆக, நடந்தது தம் காலத்தில்தான். கிராமுக்கு அவமானமாக இருந்தது. தம் மூக்குக்குக் கீழேயே ஒருவன் மதம் வளர்த்திருக்கிறான், தாம் கவனிக்கவில்லை. அலுவலகத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். எழுத்தர் குள்ளம். சோதனையாளருக்குக் குனிந்தால் தலை சுற்றும். முகத்தில் ஒளி உள்ளவர் அந்த அலுவலகத்தில் யாருமே இல்லை, கண்ணாடி போட்டவர்களைச் சேர்த்துக்கொண்டாலும்கூட.

தட்டச்சர் அம்மாவையும் விடவில்லை.

"நான் இங்க வந்தே ஒரு வருஷம்தான் சார் ஆகுது. வரும்போதே சாமி இருந்துச்சு. ஆனா ஒண்ணு, அந்த அதிகாரியை நீங்க கண்டுபிடிச்சா எனக்கும் காட்டுங்க. ஆசீர்வாதம் வாங்கணும்."

கடைசியில் காவலாளியிடம் போனார். காவலாளி முக்காலியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியாம இங்க எதுவும் நடக்காது. யாரு அந்த ஆளு?"

"வயசாச்சு சார், ஞாபகம் இல்ல."

"நேத்திக்கு என் சைக்கிள் டயர்ல காத்து கம்மியா இருந்ததை ஞாபகமா சொன்னீங்க."

"டயர் வேற சார், மனுஷன் வேற."

"இதோ பாருங்க, பேர் கிடைக்கலன்னா நான் வீட்டைக் காலி பண்ணணும்."

காவலாளி முக்காலியைச் சற்றே திருப்பிப் போட்டுக்கொண்டார். கிராமின் வீட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். "அந்த ஆளை விட்டுடுங்க சார்" என்றார் மெல்ல. "பாவம், அவரே நொந்து போன மனுஷனா இருப்பாரு."

"அப்போ தெரியும் உங்களுக்கு."

"பொதுவா சொன்னேன் சார்."

"நொந்து போனவனெல்லாம் மதத்தை ஆரம்பிச்சா ஊர் என்ன ஆகும்? நான் நொந்து போகலயா? நான் எதையாவது ஆரம்பிச்சேனா?"

காவலாளி இருமிக்கொண்டே எழுந்து கேட்டைத் திறக்கப் போய்விட்டார். கேட்டுக்கு வெளியே யாரும் இல்லை.

வியாழக்கிழமை மாலை கிராம் உட்கார்ந்து அறிக்கை எழுதினார். கோபத்தில் எழுதினால் அவருக்கு நடை நன்றாக வரும். 'மேற்படி அலுவலர், தாம் வகிக்கும் பொறுப்பின் கண்ணியத்தைச் சற்றும் எண்ணாமல், நாள்தோறும் பொதுமக்கள் பார்வையில் நகைப்புக்கிடமான அங்க அசைவுகளைச் செய்து, அப்பாவி வணிகர்களைத் தவறான பாதையில் இட்டுச் சென்றுள்ளார். தம்மை யாரும் பார்க்கவில்லை என்னும் நினைப்பே இத்தகையோரின் முதல் அடையாளம். இவரிடம் சிறிதும் இரக்கம் காட்டாமல், மலைக்கு அப்பாலுள்ள கிடங்குக்கு உடனடியாக மாற்றும்படி பரிந்துரைக்கிறேன்.' பெயர் எழுத வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டார். படித்துப் பார்த்தபோது அந்த மடையன் கண்முன்னே வந்து நிற்பதுபோல இருந்தது. கீழே கையெழுத்திட்டார்.

வெள்ளிக்கிழமை காலை மகள் வந்து இறங்கினாள். போனில் அவர் குரல் சரியில்லை என்று சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறியிருந்தாள். அவள் தாயின் மறைவுக்குப் பிறகு இந்த வீட்டுக்கு வருவது இது இரண்டாவது தடவை. பையை வைத்ததும் வைக்காததுமாக அலமாரியைத் திறந்து பார்த்தாள். அவருடைய கறுப்பு ஷூ பளபளவென்று, அவள் அம்மா துடைத்து வைத்தபடியே இருந்தது.

"இதைத் தொடவே இல்லையாப்பா நீங்க?"

"இருக்கட்டும்மா. முதல்ல இந்த அறிக்கை போகணும்."

"என்ன அறிக்கை?"

"ஒரு முட்டாளைப் பத்தி. பேர் மட்டும் கிடைக்க மாட்டேங்குது. பேர் இல்லாம போனா நாம இந்த வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான்."

மகள் திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள். நேரே சமையலறைக்குப் போனாள். கிராம் உள்ளே வந்து சிறிய மேசையில் உட்கார்ந்து, உறையையும் பேனாவையும் எதிரே வைத்துக்கொண்டார். அவள் எழுத்தைப் பார்க்காமலே 'உப்பு' டப்பாவைத் திறந்து தேநீரில் சர்க்கரை போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டி எங்கிருந்தோ உப்பையும் எடுத்து ஓரமாக வைத்தாள். இத்தனை நாளும் அது தேயிலை டப்பாவுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அம்மா பண்றதைப் பார்த்திருக்கேன். நீங்கதான் எதையும் பார்க்க மாட்டீங்க" என்றாள். "என்னப்பா இது, பட்டப்பகல்ல இருட்டு? சன்னலை ஏன் மூடி வச்சிருக்கீங்க?"

"வேணாம்மா, வெளிய ஒரே கூட்டம்."

அவள் அதற்குள் திரைச்சீலையை ஒரே இழுப்பில் ஒதுக்கிவிட்டாள். வெயில் மேசைவரை வந்து விழுந்தது. வெளியே மரத்தடியில் பழக்கடைக்காரரும் ரொட்டிக்கடை அம்மாவும் இன்னும் பத்துப் பதினைந்து பேரும் வலது காலை வைத்துக் குனிந்து, இடது காலை வைத்துக் குனிந்து, திரும்பி, வீட்டைப் பார்த்து இரண்டு கைகளையும் உயர்த்தினார்கள்.

மகள் தேநீர்க் குவளையைப் பிடித்தபடியே அப்படியே நின்றாள். அவள் உதடு சிரிக்க ஆரம்பித்தது, பாதியில் வேறு ஏதோ ஆனது.

"பார்த்தியா" என்றார் கிராம், பேனா மூடியைத் திறந்தபடி. "எல்லாம் அந்த மடையன் சொல்லிக் குடுத்தது. இதுக்கு என்ன அர்த்தம்னு யாருக்காவது தெரியுமா?"

"அப்பா" என்றாள் மகள், சன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல், "அம்மா உங்களுக்காகப் போட்டு வச்ச அந்தத் துவைக்கிற கல்லுல இவங்க எல்லாரும் ஏன் உங்களை மாதிரியே ரெண்டு காலுக்கும் ஷூ லேஸ் கட்டிட்டு, 'கட்டியாச்சு'ன்னு அம்மாவுக்குக் கையைத் தூக்கிக் காட்டுறாங்க?"